பிஸ்டன் இப்போது எங்கே இருக்கிறது?

நல்ல வெயில் நேரம். இருபது வருஷம் ஓடிய ஒரு பெட்ரோல் கார் சிக்னலில் நிற்கும்போதே பொசுக்கென்று அணைந்துவிடும். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றும். பேட்டரியில் குறையில்லை, டேங்கில் பெட்ரோல் இருக்கிறது, ஆனாலும் இன்ஜின் பிடிக்காது. ஓரமாகத் தள்ளி நிறுத்திவிட்டு அரை மணி நேரம் கழித்துத் திருப்பினால், ஒன்றுமே நடக்காதது போல ஓடும். ஒர்க்‌ஷாப்பில் விட்டால் நாள் முழுக்க ஒழுங்காகவே ஓடிக் காட்டும். "வண்டியில ஒண்ணும் இல்லையே சார்" என்று சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

இந்த வியாதிக்குக் காரணங்கள் பல உண்டு. ஆனால் சந்தேகப் பட்டியலில் எப்போதும் முன்வரிசையில் இருப்பது ஒரு கட்டைவிரல் அளவு சாமான். கிராங்க் ஷாஃப்ட் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று கார் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சார். அது வாயடைத்துப் போனால் கம்ப்யூட்டருக்கு இன்ஜின் சுற்றுகிறதா என்றே தெரியாது. தெரியாவிட்டால் ஸ்பார்க்கும் கிடையாது, பெட்ரோலும் கிடையாது.

கம்ப்யூட்டர் வந்த பிறகுதான் இந்தத் தொல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. "பிஸ்டன் இப்போது எங்கே?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் ஒரு பாகம் எல்லா பெட்ரோல் இன்ஜினிலும் முதலிலிருந்தே உண்டு. அந்தப் பாகம் தேய்வதும் முதலிலிருந்தே உண்டு. 100 வருஷத்துக்கு மேலாக அதன் உருவம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. தேய்மானத்தைக் கண்டுபிடிக்கப் போகிறவர் ஏமாறும் விதம் மட்டும் அவ்வளவாக மாறவில்லை.

முதலில் எதற்கு இந்தத் துல்லியம் என்று பார்த்துவிடலாம். பிஸ்டன் மேலே வந்து கலவையை அழுத்தி முடிப்பதற்குச் சற்று முன்பே ஸ்பார்க் விழ வேண்டும், ஏனென்றால் கலவை எரிந்து அழுத்தம் ஏறக் கொஞ்ச நேரம் பிடிக்கும். ரொம்ப முன்னால் விழுந்தால் இன்ஜின் தட்டும். தாமதமானால் சக்தி போகும், சூடு ஏறும். நிமிஷத்துக்கு 3000 சுற்று ஓடும்போது கிராங்க் ஒரு டிகிரி நகர ஆகும் நேரம் ஒரு விநாடியில் 18,000ல் ஒரு பங்கு. இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒரு வேலைச்சுற்று முடிய கிராங்க் இரண்டு முறை சுற்ற வேண்டும். பிஸ்டன் மேலே நிற்கிறது என்பது தெரிந்தாலும், அது கலவையை அழுத்திவிட்டு நிற்கிறதா, புகையைத் தள்ளிவிட்டு நிற்கிறதா என்பது கிராங்கை மட்டும் பார்த்தால் தெரியாது. அதற்குக் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றும் கேம் ஷாஃப்ட்டைக் கேட்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் என்ற பழைய சாமான் கேம் ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுற்றியதும், இன்றைய கார்களில் கிராங்க் சென்சாரோடு கேம் சென்சாரும் இருப்பதும் ஒரே காரணத்தால்தான்.

சரி, கதை ஃபோர்டின் மாடல் டி காரிலிருந்து தொடங்கலாம். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேல் உருவான கார் அது. டிரைவருக்கு முன்னால் ஒரு மரப்பெட்டியில் நான்கு காயில்கள், சிலிண்டருக்கு ஒன்று. எந்தக் காயிலுக்கு எப்போது மின்சாரம் போக வேண்டும் என்று முடிவு செய்வது இன்ஜினின் முன்பக்கம் இருக்கும் 'டைமர்'. வட்டமான ஒரு டப்பா, உள்ளே கேம் ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுற்றும் ஒரு சிறிய உருளை, சுற்றுச்சுவரில் நான்கு உலோகத் துண்டுகள். உருளை எந்தத் துண்டைத் தொடுகிறதோ அந்தக் காயில் 'ஜ்ஜ்' என்று அதிரும், அந்த சிலிண்டரில் ஸ்பார்க் விழும். ஸ்டியரிங்குக்குக் கீழே இடதுபக்கம் இருந்த கைப்பிடியை நகர்த்தினால் டைமர் டப்பாவே கொஞ்சம் திரும்பும். ஸ்பார்க்கை முன்னே தள்ளுவதும் பின்னே இழுப்பதும் டிரைவரின் காதை நம்பி நடந்தது.

இந்த டைமர் தேயும். உலோகத் துண்டும் இடையில் இருக்கும் காப்புப் பொருளும் ஒரே அளவில் தேயாது என்பதால், உருளை ஓடும் பாதை மேடு பள்ளமாகிவிடும். கையால் கிராங்கைச் சுற்றிப் பார்த்தால் நான்கு காயிலும் வரிசையாக, அழகாக அதிரும். எல்லாம் சரி என்று தோன்றும். ரோட்டில் வேகம் பிடித்ததும் உருளை மேட்டில் ஏறித் தாவும், உலோகத் துண்டைத் தொடாமலே கடந்துவிடும், இன்ஜின் திக்கும். நிறுத்திப் பார்த்தால் மறுபடி எல்லாம் சரி! மாற்று டைமர்கள் விற்கும் கம்பெனிகள் அந்தக் காலத்தில் நிறைய இருந்ததில் ஆச்சரியமே இல்லை.

ஓடும்போது மட்டும் தெரியும் குறையை நிறுத்தி வைத்துத் தேடுவது. இந்த வரலாறு நெடுக இது திரும்பத் திரும்ப வருகிறது.

அடுத்து வந்தது சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த பேட்டரி இக்னிஷன். 1910ம் வருஷ காடிலாக் கார்களில் வந்தது. (செல்ஃப் ஸ்டார்ட்டரை 1912ல் அதே காடிலாக்கில் கொண்டுவந்தவரும் இவர்தான்.) ஒரே காயில், ஒரு கண்டன்சர், ஒரு ஜோடி பாயின்ட், ஸ்பார்க்கைப் பங்கிட்டுக் கொடுக்க ஒரு டிஸ்ட்ரிபியூட்டர். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றும் கேம் தன் முனையால் பாயின்ட்டைத் திறக்கும் அந்தக் கணத்தில் ஸ்பார்க். அந்த ஏற்பாடு கிட்டத்தட்ட 60 வருஷம் உலகத்தின் பெரும்பாலான பெட்ரோல் கார்களை ஓட்டியது. அம்பாசடரும் பத்மினியும் ஓட்டியவர்களுக்கு பாயின்ட்டை உப்புத்தாளால் தேய்ப்பது என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

பாயின்ட்டில் இரண்டு இடம் தேயும், இரண்டும் எதிரெதிர்த் திசையில். கேமின் மேல் உரசும் ஃபைபர் கட்டை தேய்ந்தால் பாயின்ட் இடைவெளி குறையும், ஸ்பார்க் தாமதமாகும். தொடுமுனைகள் கருகி அரிக்கப்பட்டால் இடைவெளி கூடும், ஸ்பார்க் முன்னால் போகும். இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். நான்கு சிலிண்டர் இன்ஜின் 3000 சுற்றில் ஓடும்போது பாயின்ட் விநாடிக்கு 100 தடவை திறந்து மூடுகிறது. சில ஆயிரம் கிலோமீட்டரில் எது எவ்வளவு தேய்ந்திருக்கும் என்று ஊகிக்க முடியாது.

இடைவெளியை அளக்க ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய தகடு. லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டர்களில் இடைவெளி சுமார் 0.4 மில்லிமீட்டர். அமெரிக்காவில் நடுவழியில் மாட்டிக்கொண்டவர்கள் தீக்குச்சிப் பட்டையின் அட்டையைக் கிழித்து அளவு வைத்தார்கள், அதுவும் ஏறக்குறைய அதே தடிமன்தான். ஆனால் பழைய பாயின்ட்டில் இந்தத் தகடு பொய் சொல்லும். ஓடி ஓடி ஒரு முனையில் உலோகம் சின்ன முகடாக வளர்ந்திருக்கும், எதிர் முனையில் அதற்கேற்ற குழி விழுந்திருக்கும். தட்டையான தகடு குழிக்குள் போகாமல் முகட்டின் நுனியில் உட்கார்ந்துகொள்ளும். தகடு 0.4 என்று சொல்லும், உண்மையான இடைவெளி அதைவிட அதிகம். இன்ஜின் நின்றிருக்க, கையில் அளவுகோல் இருக்க, அளவு தப்பு.

இதற்கு மாற்றாக வந்ததுதான் டுவெல் மீட்டர். இடைவெளியை அளப்பதை விட்டுவிட்டு, கேம் ஒரு சுற்றுச் சுற்றுவதில் ஒவ்வொரு ஸ்பார்க்குக்கும் பாயின்ட் எத்தனை டிகிரி மூடியிருக்கிறது என்று ஓடுகிற இன்ஜினிலேயே அளக்கும் கருவி. பெரும்பாலான அமெரிக்க வி8 இன்ஜின்களில் அது 30 டிகிரி பக்கம் இருக்கும். இதிலிருந்து இன்னொரு ரகசியமும் வெளிவந்தது. ஐட்லிங்கில் ஒரு டுவெல், வேகத்தைக் கூட்டினால் வேறொரு டுவெல் என்று முள் அலைந்தால், குறை பாயின்ட்டில் இல்லை, டிஸ்ட்ரிபியூட்டர் தண்டு சுழலும் புஷ் தேய்ந்து தண்டு ஆடுகிறது. புதுப் பாயின்ட் பத்து மாற்றினாலும் இது தீராது. டைமிங் லைட் என்ற பளிச் விளக்கும் இதே ரகம். ஒவ்வொரு ஸ்பார்க்குக்கும் ஒருமுறை அது மின்னும்போது, சுழலும் புல்லியில் உள்ள கோடு நின்ற இடத்தில் நிற்பது போலத் தெரியும். கோடு நிற்காமல் முன்னும் பின்னும் நடுங்கினால் ஏதோ ஒன்று தளர்ந்திருக்கிறது என்று பொருள்.

சிகாகோவின் சன் எலக்ட்ரிக் கம்பெனி இன்னும் ஒரு படி மேலே போனது. டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றித் தங்கள் மெஷினில் பொருத்தி மோட்டாரால் சுழற்றினால், ஒவ்வொரு ஸ்பார்க்கும் எந்த டிகிரியில் விழுகிறது என்று டிகிரி வட்டத்தில் ஒளிப்புள்ளியாகத் தெரியும். ஒரு புள்ளி மட்டும் விலகி விழுந்தால் கேமின் ஒரு முனை தேய்ந்திருக்கிறது. பிறகு ஆசிலாஸ்கோப் திரை பதித்த பெரிய பெரிய அலமாரிகள் வந்தன. மருத்துவமனையில் ஈசிஜி பார்ப்பது போல இன்ஜினின் துடிப்பைத் திரையில் பார்க்கலாம். நல்ல டியூனிங் கடைக்கு அந்த அலமாரி ஒரு கௌரவம். பத்து வருஷம் கழித்து அதே அலமாரிகள் மூலையில் தூசி படிந்து நின்றன என்பது வேறு விஷயம்.

பாயின்ட்டைக் கொன்றது தொழில்நுட்பம் என்பதைவிட சட்டம் என்பதே சரி. 1970ல் அமெரிக்கா கொண்டுவந்த தூய காற்றுச் சட்டப்படி, ஒரு கார் விற்கும் அன்று மட்டும் சுத்தமாகப் புகைவிட்டால் போதாது, 5 வருஷம் அல்லது 50,000 மைல் வரைக்கும் வரம்புக்குள் இருக்க வேண்டும். சில ஆயிரம் மைலுக்கு ஒருமுறை இடைவெளி மாறும் பாயின்ட்டை வைத்துக்கொண்டு எந்தக் கம்பெனி அப்படிச் சத்தியம் செய்ய முடியும்? அதோடு 1975ல் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வந்தது. ஸ்பார்க் தவறி எரியாத பெட்ரோல் அதற்குள் போனால் அது சூடேறிப் பாழாகும். கிரைஸ்லர் 1971ல் சில மாடல்களில் தொடங்கி 1973ல் தன் கார்கள் எல்லாவற்றுக்கும் எலக்ட்ரானிக் இக்னிஷனைக் கொடுத்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1975ல் எச்.இ.ஐ. என்ற பெயரில் அதையே செய்தது.

இதில் தொடுவது, திறப்பது எதுவும் இல்லை. டிஸ்ட்ரிபியூட்டர் தண்டில் பற்கள் கொண்ட ஒரு இரும்புச் சக்கரம், பக்கத்தில் ஒரு காந்தம், அதைச் சுற்றி மயிரிழைக் கம்பியாலான சுருள். பல் காந்தத்தைக் கடக்கும்போது சுருளில் ஒரு சின்ன மின்னழுத்தம் எழும்பி இறங்கும். அதுதான் சமிக்ஞை. கிரைஸ்லர் சொன்ன இடைவெளி 0.2 மில்லிமீட்டர் அளவு. அதை அளக்கப் பித்தளைத் தகடு வேண்டும், எஃகுத் தகடு காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். 50 வருஷமாக எஃகுத் தகடு பிடித்த கைகளுக்கு இது கொஞ்சம் புதுசு.

உரசல் இல்லை, ஆகவே தேய்மானம் இல்லை என்று விளம்பரம் செய்தார்கள். பாதி உண்மை. தேய்மானம் ஒழியவில்லை, கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குக் குடிபோய்விட்டது. ஜி.எம். டிஸ்ட்ரிபியூட்டரில் சுருள் உட்கார்ந்திருக்கும் தட்டை வாக்குவம் அட்வான்ஸ் என்ற பகுதி ஆக்சிலேட்டரின் அழுத்தத்துக்கேற்ப அசைத்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு அசைவுக்கும் சுருளின் ஒயர் மடங்கி நிமிரும். பல வருஷம் மடங்கிய ஒயர் மேலுறை முழுசாக இருக்க உள்ளே முறிந்துவிடும். மீட்டர் வைத்து அளந்தால் 500க்கும் 1500க்கும் இடையில் ஓம் காட்டும், அதாவது நல்ல சுருள். முறிந்த இரு நுனிகளும் அந்த நிலையில் தொட்டுக்கொண்டு இருப்பதால் வரும் பொய். விவரம் தெரிந்தவர்கள் செய்த சோதனை எளியது. மீட்டரை இணைத்தபடியே வாக்குவம் குழாயில் உறிஞ்சித் தட்டை நகர்த்துவது. நகரும்போது முள் துள்ளினால் சுருள் போச்சு. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் எத்தனை நல்ல மாட்யூல்கள் குப்பைக்குப் போயிருக்கும் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை.

பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் பக்கம் கதை இன்னும் வேடிக்கை. 1967ல் ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் வந்த போஷ் டி-ஜெட்ரானிக் ஒரு எலக்ட்ரானிக் மூளை. ஆனால் எப்போது பெட்ரோல் பீய்ச்ச வேண்டும் என்று அந்த மூளைக்குச் சொன்னது எது தெரியுமா? டிஸ்ட்ரிபியூட்டரின் அடியில் இருந்த இன்னொரு ஜோடி பாயின்ட்! உரசும் கட்டையோடு, தேய்மானத்தோடு. நவீன வீட்டுக்குப் பழைய கதவு மாட்டிய மாதிரி.

அந்தக் கதவையும் கழற்றியது 1979ல் பிஎம்டபிள்யூ 732ஐ காரில் வந்த போஷ் மோட்ரானிக். ஸ்பார்க்கையும் பெட்ரோலையும் ஒரே கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டது. கோணம் பார்க்கும் வேலை டிஸ்ட்ரிபியூட்டரைவிட்டு நேரே ஃபிளைவீலுக்குப் போனது. பற்சக்கர இணைப்பு, தண்டு, புஷ் என்ற இடைத்தரகர்கள் இல்லாததால் துல்லியம் கூடியது. பிறகு பலரும் பின்பற்றிய ஏற்பாடு, 60 பல் இருக்க வேண்டிய சக்கரத்தில் இரண்டைப் பிடுங்கிவிடுவது. ஒரு பல்லுக்கு 6 டிகிரி. இரண்டு பல் இல்லாத அந்தப் பொக்கைதான் கம்ப்யூட்டருக்கு அடையாளம், அங்கிருந்து எண்ணிக்கொண்டு வரும். ஃபோர்டு 36 பல்லில் ஒன்றைப் பிடுங்கியது.

இதே காலத்தில் இன்னொரு வகைச் சென்சாரும் பரவியது. அமெரிக்க இயற்பியலாளர் எட்வின் ஹால் 1879ல், எலக்ட்ரான் என்ற ஒன்று கண்டுபிடிக்கப்படுவதற்கு 18 வருஷம் முன்பே, தங்கத் தகட்டில் கவனித்த ஒரு விளைவு. மின்சாரம் ஓடும் தகட்டைக் காந்தப் புலத்தில் வைத்தால் குறுக்குவாட்டில் ஒரு சிறு மின்னழுத்தம் தோன்றும். குறைகடத்திச் சில்லு வந்தபின் 100 வருஷம் கழித்து அது கார் இன்ஜினுக்குள் நுழைந்தது. சுருள் சென்சார் இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் முணுமுணுக்கும், வேகமாகச் சுற்றினால் கத்தும். ஹால் சென்சார் எந்த வேகத்திலும் ஒரே குரலில் உண்டு, இல்லை என்று மட்டும் சொல்லும். ஆனால் உள்ளே இருப்பது சில்லு. சில்லுக்குச் சூடு ஆகாது. ஓம் மீட்டரை வைத்துப் பார்த்தாலும் உருப்படியான தகவல் எதுவும் கிடைக்காது.

சூட்டின் கதையில் மிகப் பெரிய அத்தியாயம் ஃபோர்டுடையது. 1980களிலும் 90களின் முற்பாதியிலும் அந்தக் கம்பெனியின் பல மாடல்களில் ஹால் சென்சார் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருந்தது. அதன் சமிக்ஞையை வாங்கி காயிலை இயக்கும் மாட்யூல் அதே டிஸ்ட்ரிபியூட்டரின் வெளிப்புறத்தில் திருகப்பட்டிருந்தது, இன்ஜின் சூட்டை நேராக வாங்கிக்கொள்ளும் இடத்தில். ஓடிக்கொண்டிருக்கும்போதே கார் அணையும், ஆறியதும் ஓடும். புகார்கள் குவிந்தன. ஒர்க்‌ஷாப்பில் குளிர்ந்த நிலையில் சோதித்தால் எல்லாம் சரி. 2000ல் கலிபோர்னியாவில் ஒரு நீதிபதி, இந்தக் குறையைக் கம்பெனி மறைத்தது என்று சொல்லி கார்களைத் திரும்ப அழைக்க உத்தரவிட்டார். ஃபோர்டு அதை மறுத்தது. 2001ல் சமரசத்தில் முடிந்தது. பிந்தைய மாடல்களில் மாட்யூலைச் சூடான இடத்திலிருந்து தள்ளி வைத்தார்கள். ஹைவேயில் நடு லேனில் அணைந்த காருக்குள் உட்கார்ந்திருந்தவர்களுக்கு "சோதித்ததில் குறை எதுவும் இல்லை" என்ற ரசீது எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதே வருஷங்களின் ஜீப் செரோக்கி வேறு மாதிரி. 1987 முதல் 1990 வரை அதன் 4 லிட்டர் இன்ஜினை ஆண்டது ரெனால்ட்டும் பெண்டிக்ஸும் சேர்ந்து செய்த 'ரெனிக்ஸ்' கம்ப்யூட்டர். அதில் செக் இன்ஜின் விளக்கு கிடையாது, சேமித்து வைக்கும் குறை எண்ணும் கிடையாது. கிராங்க் சென்சார் கியர்பாக்ஸ் கூட்டின் உச்சியில், கை நுழையச் சிரமமான இடத்தில். சென்சார் பலவீனமானால் இன்ஜின் சுற்றும், பிடிக்காது. செரோக்கி வைத்திருப்பவர்கள் கண்டுகொண்ட சோதனை, சென்சார் ஒயரைப் பிரித்து மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றுவது. அரை வோல்ட் பக்கம் வந்தால் பிழைத்தது, அதற்குக் கீழே போனால் சந்தேகம். சிலர் சென்சாரை மாற்றாமலே அதன் தாங்கியில் உள்ள திருகுத் துளையைக் கொஞ்சம் ராவி நீளமாக்கி, சென்சாரை ஃபிளைவீலுக்கு இன்னும் நெருக்கமாக இறக்கிவிடுவார்கள். இடைவெளி குறைந்தால் குரல் உயரும், வண்டி ஓடும். வேறு சிலருக்குச் சென்சாரும் சரி, இடைவெளியும் சரி. 1987, 88 வண்டிகளில் ஒயர்களெல்லாம் ஒன்றாகச் சேரும் ஒரு பெரிய கனெக்டர் இருக்கும். அதில் பாசி பிடித்து, பிறந்த அரை வோல்ட் கம்ப்யூட்டருக்குப் போகும் வழியிலேயே செத்துக்கொண்டிருந்தது. புதுச் சென்சார் வாங்கிப் போட்டும் வண்டி நின்றால் இதைத்தான் பார்க்க வேண்டும். சென்சார் பேசுவது ஒன்று, கம்ப்யூட்டர் கேட்பது வேறொன்று.

1996ல் அமெரிக்காவில் ஓ.பி.டி. 2 கட்டாயமானது. எல்லாக் கார்களுக்கும் ஒரே மாதிரி பிளக், ஒரே மாதிரி குறை எண்கள். பி0335 என்றால் கிராங்க் சென்சார் சர்க்யூட், பி0340 என்றால் கேம் சென்சார் சர்க்யூட். இனி எல்லாம் சுலபம் என்று தோன்றியது. இன்றைக்கு ஐநூறு, ஆயிரம் ரூபாய்க்கு ஒரு ரீடர் வாங்கி யாரும் படிக்கலாம். சிக்கல், அந்தப் பெயரில் இருக்கும் 'சர்க்யூட்' என்ற சொல்லைப் பெரும்பாலோர் படிப்பதே இல்லை என்பதுதான். கம்ப்யூட்டர் சொல்வது "எதிர்பார்த்த சமிக்ஞை எனக்கு வரவில்லை" என்பது மட்டும். சென்சார் போயிருக்கலாம். எலி ஒயரைக் கடித்திருக்கலாம், கனெக்டரில் ஆயில் இறங்கியிருக்கலாம், பற்சக்கரத்தில் ஒரு பல் வளைந்திருக்கலாம், காந்த நுனியில் இரும்புத் துகள் தாடி வளர்த்திருக்கலாம். எண் ஒன்றுதான். கடையில் மாற்றுவது எப்போதும் சென்சாரைத்தான்.

இதில் மோசமானது பி0016. கிராங்க் சொல்லும் கோணமும் கேம் சொல்லும் கோணமும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். இரண்டு சாட்சிகள் முரண்பட்டால் ஒரு சாட்சி பொய் சொல்வதாகத்தான் தோன்றும். ஆனால் பல வண்டிகளில் இரண்டு சென்சாரும் உண்மையையே சொல்லிக்கொண்டிருக்கும். இரண்டு ஷாஃப்ட்டையும் இணைக்கும் டைமிங் செயின் நீண்டு போய், அவை உண்மையிலேயே விலகிவிட்டிருக்கும். சென்சார்களை மாற்றிவிட்டு எண்ணை அழித்துவிட்டு ஓட்டினால், செயின் ஒரு பல் தாவும் நாளில் பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். சில ஆயிரத்தில் முடிந்திருக்க வேண்டியது இன்ஜின் வேலையில் போய் நிற்கும்.

ஓ.பி.டி. 2 கிராங்க் சென்சாருக்கு இன்னொரு உத்தியோகமும் கொடுத்தது. ஒரு சிலிண்டரில் ஸ்பார்க் தவறினால் கிராங்க் அந்தக் கணம் ஒரு பொடி வேகம் குறையும். பற்கள் கடக்கும் நேரத்தை அளந்து அதைக் கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கிறது, பி0300 வரிசை எண்கள் இப்படித்தான் பிறக்கின்றன. ஒரு பல் சேதமானால் தவறாத ஸ்பார்க்கையும் தவறியதாகச் சொல்லும். பிளக், காயில், இன்ஜெக்டர் என்று வரிசையாக மாற்றிக்கொண்டே போகலாம், எண் திரும்பத் திரும்ப வரும்.

இந்தியாவில் இந்த மாற்றம் அவசரமாக நடந்தது. உச்ச நீதிமன்றத்தின் 1999 உத்தரவுக்குப் பிறகு டெல்லி வட்டாரத்தில் 2000 ஏப்ரலிலிருந்து யூரோ 2. கார்புரேட்டரும் பாயின்ட்டும் பார்த்துப் பழகிய மெக்கானிக்குகள் முன்னால் எம்.பி.எஃப்.ஐ. வண்டிகள் வந்து நின்றன. ஆனால் ஓ.பி.டி. கட்டாயமானது பி.எஸ். 4 வண்டிகளுக்குத்தான், முதல் கட்டம் 2010, இரண்டாம் கட்டம் 2013. நடுவில் வந்த பத்து வருஷத்து வண்டிகளில் கம்ப்யூட்டர் உண்டு, எந்த ஸ்கேனருக்கும் ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் அதற்குக் கிடையாது. கம்பெனி ஸ்கேனர் கம்பெனி சர்வீஸ் சென்டரில் மட்டும். இன்று நம்மூர் ரோட்டில் 'பழைய கார்' என்று ஓடுபவற்றில் கணிசமானவை அந்தத் தலைமுறைதான்.

அந்த வண்டிகளுக்கு விவரமான மெக்கானிக்குகள் செய்வது ஆச்சரியமாகப் பழைய பாணியில் இருக்கிறது. அணைந்த உடனே, ஆறவிடாமல் பார்ப்பது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஆர்.பி.எம். முள் கொஞ்சமாவது எழுகிறதா என்று பார்ப்பது. பல கார்களில் முள் செத்துக் கிடந்தால் கிராங்க் சமிக்ஞை வரவில்லை என்று பொருள் (எல்லாக் கார்களிலும் இது செல்லாது). ஓடுகிற வண்டியில் சென்சாரை ஹீட் கன் வைத்துச் சூடேற்றி அணைகிறதா என்று பார்ப்பது, அணைந்த வண்டியில் ஈரத்துணி போட்டுக் குளிர வைத்து மறுபடி பிடிக்கிறதா என்று பார்ப்பது. ஒயர் கட்டை அசைத்துக்கொண்டே மீட்டரைக் கவனிப்பது.

அந்தப் பெரிய அலமாரியும் திரும்பி வந்துவிட்டது, லேப்டாப்பில் சொருகும் டப்பாவாக. அலையைத் திரையில் பார்த்தால் 58 பல்லும் ஒரு பொக்கையும் வரிசையாகத் தெரியும். ஒரு பல் குட்டையாக இருந்தால் அந்தப் பல்லில் குறை. அலையின் உயரம் ஒரு சுற்றுக்கு ஒருமுறை கூடிக் குறைந்தால் சக்கரம் கோணலாகச் சுற்றுகிறது. சூடு ஏற ஏற உயரம் சுருங்கினால் சுருள். கேம் அலையைப் பக்கத்தில் வைத்து, அதே மாடலின் நல்ல வண்டியில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டால் செயின் நீண்டிருப்பதும், இன்ஜினைத் திறக்காமலே தெரிந்துவிடும்.

இப்போது சிக்னலில் தானாக அணைந்து தானாகப் பிடிக்கும் ஸ்டார்ட்-ஸ்டாப் கார்களும் மெல்லப் பழசாகி ஒர்க்‌ஷாப்புக்கு வரத் தொடங்கியிருக்கின்றன. இன்ஜின் நிற்கும்போது கடைசி நொடியில் கிராங்க் கொஞ்சம் பின்னோக்கிச் சுற்றி நிற்கும், அதையும் கணக்கில் எடுத்தால்தான் உடனே பிடிக்க முடியும். அதனால் இவற்றில் பலவற்றின் கிராங்க் சென்சார் திசையையும் சொல்கிறது, முன்னோக்கிச் சுற்றினால் ஒரு அகலத் துடிப்பு, பின்னோக்கிச் சுற்றினால் வேறு அகலம். இதைத் தெரியாமல் திரையில் பார்ப்பவர், அணையும் இடத்தில் திடீரென்று துடிப்பு தடிப்பதைப் பார்த்து சென்சார் கெட்டுவிட்டது என்று கழற்றிவிடுவார். நல்ல சென்சார்தான் அது.